ஒழுங்கையை அளந்த பின் உழவு இயந்திரம்

வழக்குரைப்பதைத் தொழிலாக உடையோர்க்கு உழவு இயந்திரத்தைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று வாசகருட் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எமது விடை இது: அண்மைய ஆண்டுகளில் எமது அலுவலகப் படியேறிய கமக்காரர் பலர் காணி வழக்கோடு வரவில்லை, இயந்திர வழக்கோடு வந்தனர். மடித்து வியர்வையில் நனைந்த லீசிங் உடன்படிக்கையை மேசைமேல் விரித்து, "ஐயா, இதிலை என்ன எழுதிக் கிடக்குது எண்டு ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டனர். கையொப்பம் இட்டு ஈராண்டு கழிந்த பின் வாசித்துச் சொல்வதால் ஆவது யாது? கையொப்பம் இடுவதற்கு முன் வந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

அவருள் ஒருவரின் கதையை மட்டும் பெயரும் ஊரும் விடுத்துக் கூறுவோம். வலிகாமத்தில் அவருக்குப் பதினெட்டுப் பரப்புத் தோட்டம். ஒரே துண்டன்று, நான்கு துண்டுகள். ஒன்று தகப்பன் வழி முதுசம், ஒன்று மனைவியின் சீதனம், மற்றவை இரண்டும் பின்னர் வாங்கியவை. வெங்காயமும் புகையிலையும் செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, எவருக்கும் கடன்படாது வாழ்ந்தவர். நாற்பத்தைந்து குதிரைவலு உழவு இயந்திரம் ஒன்றைத் தவணை முறையில் எடுத்தார். அது வீடு வந்த முதல் நாளே ஒழுங்கையின் முடக்கில் திரும்ப மாட்டாது நின்றது. பின்னுக்கு எடுத்து முன்னுக்கு விட்டதில் மைத்துனரின் கிளுவை வேலி பதினைந்து முழம் சரிந்தது. வேலியைத் திரும்ப அடைத்தபோது கதியால் ஒரு சாண் இப்பால் நின்றதா அப்பால் நின்றதா என்பதில் வாக்குவாதம் மூண்டது. யாழ்ப்பாணத்தில் இதன்பின் நடப்பது யாது என்பதை வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. எம் போன்றோரின் வயிறு நிரம்புவது அத்தகைய ஒரு சாணினாற்றான்.

ஆகவே எமது முதல் ஆலோசனை, விற்பனை நிலையத்துக்குப் போகுமுன் நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஒழுங்கைக்குப் போங்கள் என்பதே. ஒழுங்கையின் மிக ஒடுங்கிய இடத்தையும், அதன் முடக்கையும், படலையின் அகலத்தையும், தோட்டத்துக்குள் இறங்கும் வழியில் குறுக்கிடும் வாய்க்காலையும், தாழ்ந்து நிற்கும் மின்கம்பியையும் அளந்து எழுதுங்கள். பின்னர் இயந்திரத்தின் அகலத்தை மாத்திரமன்றி, அதன் பின்னே பூட்டும் சுழல் கலப்பையின் அகலத்தையும், திரும்புவதற்கு வேண்டிய வட்டத்தையும் கேளுங்கள். விற்பவர் குதிரைவலுவைச் சொல்வார், நிறத்தைச் சொல்வார், மாதத் தவணையைச் சொல்வார். திரும்பும் வட்டத்தைத் தாமாகச் சொன்ன விற்பனையாளர் ஒருவரை நாம் இதுகாறும் கண்டதில்லை.

இனி, இயந்திரம் சொந்தமாக வேண்டுமா என்ற வினாவுக்கு வருவோம். இதற்கு விடை காண அப்புக்காத்தும் வேண்டாம், பொறியியலாளரும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கணக்குப் போதும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நான்கடி அகலமுள்ள சுழல் கலப்பை, மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்தில், மூலை திரும்பும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால், ஏக்கர் ஒன்றை ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் உழுது முடிக்கும். இருபத்துநான்கு பரப்புத் தோட்டக்காரர் ஒவ்வொரு பயிருக்கும் இரு முறை உழுது, ஆண்டில் மூன்று பயிர் செய்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவரது முழு வருட உழவுக்கு வேண்டியது பதின்மூன்றரை மணித்தியாலம். ஆண்டிலுள்ள மணித்தியாலங்களோ 8,760. எஞ்சிய நேரமெல்லாம் இயந்திரம் மாமர நிழலில் உறங்கும். ஆனால் வட்டி உறங்குவதில்லை. காப்புறுதியும் தேய்மானமும் உறங்குவதில்லை.

எனவே ஓராண்டுக்குச் செலுத்த வேண்டிய தவணை, காப்புறுதி, திருத்தச் செலவு ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். உங்கள் ஊரில் ஏக்கர் ஒன்றுக்கு வாங்கும் உழவுக் கூலியிலிருந்து டீசலுக்கும் சாரதிக்கும் ஆவதைக் கழித்து, எஞ்சியதால் அதனை வகுங்கள். வரும் எண் எத்தனை ஏக்கரோ, அத்தனை ஏக்கரை ஆண்டுதோறும் உழுதால் மாத்திரமே இயந்திரம் தன் சோற்றைத் தானே உண்ணும். அந்த எண் உங்கள் காணியையும் அயலவர் உங்களிடம் உறுதியாகத் தரக்கூடிய வேலையையும் தாண்டுமாயின், கூலிக்குப் பிடித்து உழுவதே புத்தி. அதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

இவ்வளவும் கணக்கிட்டு, சொந்தமாக வேண்டும் என்று முடிவு செய்தோர் எதை வாங்குவது? எம்மவரிடையே நெடுங்காலமாக இரண்டே இனங்கள் வழங்கி வந்தன. ஒன்று இரு சில்லு உழவு இயந்திரம். அதை முதலிற் செய்தனுப்பிய ஆங்கிலக் கம்பனியின் பெயராலேயே இன்றும் லாண்ட்மாஸ்டர் என்று அழைக்கின்றோம். மற்றையது வன்னி வயல்களுக்கென்றே வந்த பெரிய நாற்சில்லு இயந்திரம். இவ்விரண்டுக்கும் நடுவே, பதினைந்து முதல் முப்பத்தைந்து குதிரைவலு வரையிலான சிறு நாற்சில்லு இயந்திரங்கள் இன்று கிடைக்கின்றன. தோட்டத்துக்கும் தென்னங்காணிக்கும் வீட்டு வளவுக்கும் இவையே பொருந்தும் என்பது எமது கருத்து.

சிறியது என்றவுடன் முகம் சுளிப்போர் ஒரு சரித்திரத்தை அறிதல் நன்று. ஹரி பேர்குசன் என்னும் அயர்லாந்துக்காரர், கலப்பையை இயந்திரத்தின் பின்னே மூன்று புள்ளிகளில் இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தித் தாழ்த்தும் முறையைக் கண்டார். கலப்பை மண்ணில் இழுபடும் விசையே பின் சில்லுகளை நிலத்தில் அழுத்திப் பிடிக்கச் செய்தமையால், இயந்திரத்தின் பாரத்தைப் பெருக்காமலே இழுவையைப் பெருக்க அவரால் இயன்றது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் அவரது சிறு சாம்பல்நிற இயந்திரங்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அவற்றின் வலு முப்பது குதிரைக்கும் குறைவு. எமது தோட்டங்களைப் போலப் பன்மடங்கு பெரிய பண்ணைகளை அவை உழுதன. இன்று உலகில் விற்கப்படும் ஏறக்குறைய எல்லா உழவு இயந்திரத்தின் பின்புறத்திலும் இருப்பது அவருடைய அந்த மூன்று புள்ளி இணைப்பே.

வலுவைப் பற்றி மேலும் ஒன்று. விளம்பரத்தில் அச்சிடுவது எஞ்சினின் வலு. கலப்பையைச் சுழற்றுவதோ பின்புறத்துப் பீ.ரீ.ஓ. தண்டு, அங்கு வந்து சேரும் வலு பத்திலொரு பங்கோ அதற்கு மேலோ குறைந்திருக்கும். ஆதலால் அந்தத் தண்டின் வலு எவ்வளவு, நிமிடத்துக்கு 540 சுற்று என்ற நியம வேகத்தை எஞ்சின் எந்த ஓட்டத்தில் எட்டுகின்றது என்று கேட்டு எழுதிக்கொள்க. சுழல் கலப்பையின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும், மண்ணின் இறுக்கத்தைப் பொறுத்து, ஐந்து முதல் எட்டுக் குதிரைவலு வேண்டும். நான்கடிக் கலப்பைக்கு இருபத்தைந்து, முப்பது போதும் என்பது இதிலிருந்து பெறப்படும். அறுபது வாங்கி நான்கடிக் கலப்பை பூட்டுவது, பொதி மாட்டு வண்டிலில் தேங்காய் ஒன்றை ஏற்றிச் செல்வது போன்றதாகும்.

மண்ணையும் நோக்குதல் வேண்டும். வலிகாமத்தின் செம்பாட்டு மண் பல இடங்களில் ஆழமற்றது, அடியில் சுண்ணக்கல். பார இயந்திரம் ஆழக் கிண்டுவதால் அங்கே இலாபமில்லை. கல்லில் அடிபட்டுக் கத்தி முறியும், அல்லது ஏறி இறங்கிய பாரத்தால் மண் இறுகிப்போம். வன்னியின் சேற்று வயலில் நிலை வேறு. அங்கே நான்கு சில்லும் இழுக்கும் இயந்திரமும், சேற்றுக்கென இரும்புச் சில்லும் தேவைப்படும். நீண்ட வயல்களில் பெரிய இயந்திரத்துக்கு நியாயம் உண்டு. கிளிநொச்சியிற் பொருந்துவது கோப்பாயிற் பொருந்தும் என்று எண்ணுவதே தவறு.

உதிரிப்பாகத்தைப் பற்றி 2022ஆம் ஆண்டை நினைவிலுள்ள எவருக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டொலர் ஒன்று இருநூறு ரூபாவிலிருந்து சில மாதங்களில் முந்நூற்றறுபதைத் தாண்டியது. அவ்வாண்டு ஏப்ரிலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. டீசலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றது. அந்நாளில் தப்பிப் பிழைத்த இயந்திரங்கள் எவை? அழகானவை அல்ல, புதியவையும் அல்ல. ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவர் கழற்றிப் பூட்டத் தெரிந்தவை, பழைய பாகம் சுன்னாகத்திலோ வவுனியாவிலோ கிடைத்தவை. எனவே, இயந்திரத்தை விற்பவரின் வாய்மொழியை விட, உங்கள் ஊர் மெக்கானிக்கின் வாய்மொழியையே நாம் சாட்சியமாக ஏற்போம். அவர் தலையை ஆட்டாத பெயரை, எவ்வளவு மலிவாயினும் வாங்கற்க.

உயிரைப் பற்றியும் கூற வேண்டும். உழவு இயந்திரம் குடைசாய்ந்தால் ஓட்டுநர் அதன் அடியில் அகப்படுகின்றார், தப்புவதற்கு நேரமில்லை. சுவீடன் நாடு 1959இலேயே புதிய இயந்திரங்கள் யாவற்றுக்கும் காப்புச் சட்டகத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. பின்னர் அங்கே அத்தகைய மரணங்கள் பெரிதும் வீழ்ந்தன. ஆசனத்தின் பின்னே நிமிர்ந்து நிற்கும் அந்த இரும்பு வளைவை, மரக்கிளையில் முட்டுகின்றது என்று எம்மவர் கழற்றி மூலையில் வைப்பதைக் கண்டிருக்கின்றோம். கிளையை வெட்டுங்கள், வளைவைக் கழற்றாதீர்கள். ஆசனப் பட்டியைக் கட்டினால்தான் அவ்வளைவு காக்கும் என்பதையும் மறவாதீர்கள். சுழலும் தண்டின் மூடியைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடோ சேலையோடோ அருகே போவது தற்கொலைக்கு ஒப்பானது. கிணற்றோரத்தை விட்டு விலகி உழுங்கள். பழைய கிணற்றுக் கட்டு மாட்டையும் துலாவையும் கண்டதே தவிர ஒரு தொன் இரும்பைக் கண்டதில்லை.

வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டோடிய காணிகள் 2009க்குப் பின் கட்டங்கட்டமாகத் திரும்பின. பற்றை மூடிய அந்நிலத்தைத் திருத்தவென்றே பலர் சிறு இயந்திரமும் புல் வெட்டும் பொறியும் தேடுகின்றனர். அவர்களின் அவசரத்தை நாம் அறிவோம். பிறந்த மண்ணின் கிணற்றை இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் காண்பவர் பொறுமையோடு இருப்பது எங்ஙனம்? ஆயினும், கண்ணிவெடி அகற்றியமைக்கான எழுத்து மூலமான உறுதியைக் கையிற் பெறாது எந்த இயந்திரத்தையும் அப்பற்றைக்குள் விட வேண்டாம். ஆடு மேய்ந்தது என்பது அத்தாட்சி ஆகாது. கலப்பை போகும் ஆழத்துக்கு ஆடு போவதில்லை.

இனி எமது தொழிலுக்கு வருவோம். எமது நாட்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டினது. பழையதாயினும் கமக்காரருக்கு அதிலோர் ஆயுதம் உண்டு. எந்தத் தேவைக்காக வாங்குகின்றோம் என்பதை விற்பவர்க்கு அறிவித்து, அவரது தொழிலறிவை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்குப் பொருந்தும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதாமலே அடங்கும். ஆனால் குறித்த வியாபாரப் பெயருடைய பொருளை நாமே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே சட்டம் கூறுகின்றது. இதன் பொருள் யாது? "எனக்கு அந்தச் சிவப்பு மிசின்தான் வேணும்" என்று கேட்டவர் தம் ஆயுதத்தைத் தாமே கீழே வைத்தவராவார். "என்னிடம் இத்தனை பரப்பு உண்டு, இன்ன மண், ஒழுங்கை இத்தனை அடி, இன்ன வேலைக்கு வேண்டும், பொருத்தமானதைக் கூறுக" என்று ஒரு கடிதம் எழுதி, பதிலையும் கடிதமாகப் பெற்றவர் பிற்காலத்தில் நீதிமன்றில் நிமிர்ந்து நிற்கலாம். ஒரு தாளும் பேனையும் போதும்.

லீசிங்கில் எடுப்போர் அறிய வேண்டியது இன்னொன்று. இயந்திரத்தை வாங்குபவர் நீங்களல்லர், கம்பனியே. பதிவுப் புத்தகத்தில் அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பதும் கம்பனியின் பெயர். இவ்வுறவை 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் வகுக்கின்றது. எடுப்போருக்கும் அதில் உரிமைகள் உள. எனினும் இயந்திரம் பழுதுற்று நின்றாலும் தவணை நிற்காது என்று பெரும்பாலான உடன்படிக்கைகளில் எழுதியிருக்கும். மழை பொய்த்தாலும் நிற்காது. வெங்காயம் விலை விழுந்தாலும் நிற்காது. அறுவடைக்கு அறுவடை வருமானம் காணும் ஒருவர் மாதத்துக்கு மாதம் தவணை கட்டும் ஒப்பந்தத்தில் ஏன் இறங்க வேண்டும்? போகத்துக்கொரு தவணை என்று கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கம்பனியில் கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் எமது சகபாடிகளான சட்டத்தரணிகளுக்கும் இங்கு ஒரு வார்த்தை. கிராமத்தில் எவர் இயந்திரம் எடுத்தாலும் பிணை நிற்பவர் நீங்களே. உரோம-டச்சுச் சட்டம் பிணையாளிக்கு ஓர் உரிமையை வழங்கியுள்ளது: கடன்பட்டவரின் சொத்தை முதலில் தொடர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வா என்று அவர் சொல்லலாம். பிணையாளர் பலராயின், என் பங்கை மாத்திரம் கேள் என்றும் சொல்லலாம். அச்சடித்த படிவத்தின் சிற்றெழுத்து இவ்விரு உரிமைகளையும் உங்கள் கையெழுத்தாலேயே துறக்கச் செய்கின்றது. படித்தவர்கள் வாசியாது ஒப்பமிடுவதில் கமக்காரரைக் காட்டிலும் குறைந்தவர்கள் அல்லர் என்பது எமது அனுபவம். முகதாட்சணியத்தின் பெயரால் இளைப்பாற்றுச் சம்பளத்தின் பெரும்பகுதியை இழந்த ஆசிரியர் ஒருவரை நாம் அறிவோம்.

அப்படியாயின் சிறு கமக்காரர் இயந்திரத்தைக் கைவிட வேண்டுமா? இல்லை. ஐந்தாறு பேர் கூடி ஒன்றை வாங்கலாம் என்பதே எமது வாதம். இதனைச் சொன்னவுடன் எழும் ஆட்சேபத்தை நாம் அறிவோம்: முதல் மழை விழுந்த வாரத்தில் அனைவர்க்கும் ஒரே நாளில் உழவு வேண்டும், எவர் முந்துவது? ஆட்சேபம் வலிமையானது. புழுதி விதைப்புக்காரர் ஆறு பேர் மாத்திரம் கூடினால் சண்டை நிச்சயம். ஆனால் வயற்காரர் இருவர், வெங்காயத் தோட்டக்காரர் இருவர், தென்னங்காணிக்காரர் ஒருவர், விடுமுறை நாளில் மாத்திரம் தோட்டம் பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் என்று கூடினால், அவர்களின் வாரங்கள் ஒன்றோடொன்று மோதுவது குறைவு. மோதும் வாரத்துக்குத் திருவுளச்சீட்டு. ஆண்டுதோறும் முறை மாற்றம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த கமக்கார அமைப்புகள் ஊர்தோறும் உள்ளன. கமநல சேவை நிலையங்கள் உள்ளன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றுவதில் நாம் எவர்க்கும் பின்னிற்பவர்கள் அல்லர். ஒரு முறை அத்தீர்மானத்தில் இயந்திரம் ஒன்றும் இடம்பெறட்டும்.

ஆனால் எழுதுங்கள். டீசல் எவர் ஊற்றுவது, அனுமதிப்பத்திரம் உள்ள எவர் ஓட்டுவது, முறிந்த கத்திக்கு எவர் பொறுப்பு, ஒவ்வோர் ஏக்கருக்கும் திருத்த நிதிக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் அவர் பங்கை எவர் என்ன விலைக்கு எடுப்பது, இறந்தால் பிள்ளைகளின் பங்கு யாது — அனைத்தையும் எழுதுங்கள். அண்ணன் தம்பி ஆயினும் எழுதுங்கள். அண்ணன் தம்பி ஆயின் கட்டாயம் எழுதுங்கள். முன்னே சொன்ன பேர்குசனும் ஹென்றி போர்ட்டும் 1938இல் தமது கூட்டு முயற்சியைக் கைகுலுக்கி முடித்தனர். ஒரு வரியும் எழுதவில்லை. போர்ட்டின் பேரன் பொறுப்பேற்றபின் அவ்வுறவு முறிந்தது. 1948இல் பேர்குசன் தொடுத்த வழக்கில் கோரியது 25 கோடி டொலருக்கு மேல். 1952இல் சமாதானத்தில் பெற்றது 92 இலட்சத்து 50 ஆயிரம். இடைப்பட்ட ஆண்டுகளில் இருதரப்பு அப்புக்காத்துமார் எவ்வளவு பெற்றனர் என்பதை எமது வாசகர் ஊகித்துக்கொள்வர்.

நாம் முதலிற் கூறிய அன்பரின் இயந்திரம் இப்பொழுது அவரிடம் இல்லை. ஐந்து தவணை தவறியதும் கம்பனி எடுத்துச் சென்றுவிட்டது. விற்ற விலை போக மீதிக்கு அவருக்கும் பிணை நின்ற மருமகனுக்கும் கோரிக்கைக் கடிதம் வந்துள்ளது. வயது போன காலத்தில், அடுத்த தெரு இளைஞரின் லாண்ட்மாஸ்டரைக் கூலிக்குப் பிடித்து நான்கு துண்டையும் உழுகின்றார். அது ஒழுங்கை முடக்கில் இலகுவாகத் திரும்புகின்றது. வேலி வழக்கு இன்னும் தவணையில் இருக்கின்றது. மைத்துனரும் அவரும் ஒரே பேருந்தில் நீதிமன்றுக்கு வந்து, வெவ்வேறு வாங்கில் அமர்ந்திருந்துவிட்டு, ஒரே பேருந்தில் திரும்புகின்றனர்.